கடலில் விட வேண்டியது

ஜூலை 20, ஞாயிறு

தண்ணீர் மாற்றும் நாள். பழைய தண்ணீர் இரண்டு வாளி வெளியே, உப்பு கலந்த புதுத் தண்ணீர் இரண்டு வாளி உள்ளே. வெப்பம் சரி. உப்பின் அளவு சரி. எல்லா மீனும் தீனி எடுத்தன.

இந்த நோட்டு மீன் தொட்டிக்கானது. ஒன்பது வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். சொந்தக் கதைக்கு இதில் இடமில்லை. ஆனாலும் மங்கைக்கு வெள்ளிக்கிழமை மூன்றாவது கீமோ முடிந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் போன ஞாயிறு தண்ணீர் மாற்றாமல் விட்டதற்கு அதற்கு முந்தின டெஸ்டுகளுக்கான ஆஸ்பத்திரி அலைச்சல்தான் காரணம்.

படுக்கையறையில் மருந்து வாடை அடிக்கிறது என்று மங்கை இப்போதெல்லாம் ஹால் சோபாவில்தான் படுக்கிறாள். நான் வாளியைத் தூக்கியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கடலுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

தொட்டி வந்த முதல் நாள், உப்பு கரைத்த தண்ணீரில் விரலை முக்கி அவளை நக்கிப் பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். "இது தொட்டி இல்ல மங்கை, கடல். வங்காள விரிகுடாவையே உனக்கு ஹாலுக்குக் கொண்டாந்துட்டேன்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கடல் என்றே பெயர். யாராவது போனில் என்னைக் கேட்டால், "அவர் கடல்ல கை விட்டுக்கிட்டு இருக்கார், அப்புறம் பேசுங்க" என்பாள்.

மீன்களுக்குப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காது. எல்லாம் அவள் வேலை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. சின்னது ஆண், அது வாத்தியார். நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. பெரியது பெண், அது டீச்சர். இரண்டும் எந்நேரமும் முறைத்துக்கொண்டே திரியும், ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று ஒரு சாண் நகராது. தட்டையான மஞ்சள் மீன், மஞ்சள் மாமி. நீலப்பொடி மீனுக்கு நீலகண்டன். நீள மீசை வைத்த இறாலுக்கு மீசைக்காரர். கண்ணாடியில் ஊர்ந்து பாசி தின்னும் நத்தைகளுக்குப் பெயரில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மங்கையின் அக்கா திலகவதி காலை ரயிலில் சீர்காழியிலிருந்து வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, இரண்டு கையிலும் பை.

"என்ன தம்பி, இப்பவாச்சும் சாமி கும்பிடுறீங்களா?"

"எங்கங்க நேரம்? ஆஸ்பத்திரிக்கு ஓடவே சரியா இருக்கு."

என் பெயர் இங்கர்சால். கறுப்புச் சட்டைக்காரரான அப்பா, நாத்திகம் பேசிய ஒரு அமெரிக்கரின் நினைவாக ஆசையாக வைத்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அடித்த பத்திரிகையில் அது 'இங்கர்சாமி' என்று வந்திருந்தது. அச்சுப்பிழை என்றார்கள். திலகவதி அக்காவின் வாயில் இன்றுவரை அந்தப் பிழை திருந்தவில்லை. நானும் மங்கையும் ஒரு ஒப்பந்தத்தில்தான் குடித்தனம் நடத்துகிறோம். சமையலறை அலமாரியில் ஒரு தட்டு அவளுடைய சாமிக்கு. அதில் நான் தலையிட மாட்டேன், மற்ற இடத்துக்குச் சாமி வராது.

மதியம் திலகவதி அக்கா மெல்ல ஆரம்பித்தார். "ஒரு அஞ்சே நிமிஷம் தம்பி. கடல்ல காலை நனைச்சுட்டு வந்துடட்டும். இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

முடியவே முடியாது என்றேன். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது, கூட்டத்தில் போகவே கூடாது என்று டாக்டர் ரெஹானா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் தண்ணீரைவிடத் தலைதான் அதிகம் தெரியும். ஒரு சளி பிடித்தால் போதும், நேரே அட்மிஷன். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரும் கடல் பேச்சை எடுக்கவில்லை.

ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் வாங்க வில்லிவாக்கம் வரை போய்விட்டு வந்தேன். தொட்டி மூடி மாற்றி வைக்கப்பட்டிருந்தது. தரையில் உப்புத் தண்ணீர். மங்கையின் நைட்டியில் வலது கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"கை கழுவினேன்" என்றாள்.

வாஷ்பேசின் எதிர்ப் பக்கம் இருக்கிறது. மூடி சரியாக இல்லாவிட்டால் மீன் துள்ளி வெளியே விழும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன். இருவரும் சிறுபிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மங்கை சிரித்து வெகு நாளாயிற்று, அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மீசைக்காரர் இறந்து கிடந்தார். இறால் தோலுரிக்கும், வெறும் தோலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வலையில் எடுத்தபோது கனம் இருந்தது.

அம்மோனியா இல்லை. மற்ற எல்லாச் சோதனையும் சரி. தண்ணீர் மாற்றினேன்.

ஜூலை 29, செவ்வாய்

நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு மணலில் மல்லாக்க விழுகின்றன. காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு நாளாக மேல்மட்டத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மஞ்சள் மாமி காலையில் கல் இடுக்கில் செருகிக் கிடந்தாள். நிறம் வெளுத்துவிட்டிருந்தது. பேப்பரில் சுற்றினேன். குப்பையில் போடக்கூடாது என்று மங்கை எழுந்தே வந்துவிட்டாள். பால்கனி மல்லிகைத் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"நமக்கு வர வேண்டியது அதுக்குப் போச்சுங்க" என்றாள்.

இந்த ஊரில் மீன் வளர்க்கும் வீடுகளில் பாதி இதைத்தான் சொல்கின்றன. வீட்டு மனிதர்களுக்கு வருகிற கெடுதலை மீன் வாங்கிக்கொண்டு செத்துவிடுமாம். கடைகளில் இதைச் சொல்லியே விற்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அது மீனா, இல்ல நம்ம வீட்டு வாட்ச்மேனா? அஞ்சு வருஷம் கையில தீனி வாங்கித் தின்னுச்சு. ஏன் செத்துச்சுன்னு தெரியாம நான் மண்டைய உடைச்சுக்கறேன், நீ கணக்கு நேராச்சுங்கற மாதிரி பேசறே."

"நீங்க ஒண்ணும் நம்ப வேணாம். எனக்குத் தோணுச்சு, சொன்னேன்."

ஒரு வாரமாக மோரைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இன்று தானாக இட்லி கேட்டாள். இரண்டு இட்லி. மிளகாய்ப் பொடிக்கு எண்ணெய் போதவில்லை என்று குறையும் சொன்னாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாதித் தண்ணீரை மாற்றினேன்.

முதலில் இறால், அடுத்து நத்தை, அதற்கப்புறம் மீன். இந்த வரிசையில் செத்தால் தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறது என்று கடல் மீன் வளர்க்கிற யாரும் சொல்வார்கள். செம்பு துளி கரைந்தாலும் இவற்றுக்கு விஷம். செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கரைத்துக் காட்டியே தலை நரைத்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனால் என் தொட்டிக்குச் செம்பு எங்கிருந்து வரும்? மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன், வெளியே கம்பி தெரியவில்லை. ஹீட்டர் கண்ணாடிக்குள் இருக்கிறது. குழாய் எல்லாம் பிளாஸ்டிக்.

கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் யேசுராஜிடம் போனில் சொன்னேன். செம்பு இருக்கிறதா என்று பார்க்கும் கிட் கடையில் இல்லையாம், வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாலாவது கீமோ. தொட்டியைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

நீலகண்டன்.

மங்கையால் எழுந்திருக்க முடியவில்லை. வலையில் எடுத்து அவளிடம் காட்டும்படி சொன்னாள். காட்டினேன்.

"விஷம் குடிக்கத்தானே வந்தான். பேர் வச்சப்பவே தெரியும்."

முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. தலையில் முடி இல்லாமல், கண் குழி விழுந்து, அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மல்லிகைத் தொட்டிக்குப் போய்விட்டு வந்தபோது அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேலை செய்யுதுக்கா. ஆமா, நல்லா வேலை செய்யுது."

எது வேலை செய்கிறது என்று கேட்டேன்.

"மாத்திரைங்க" என்றாள்.

சாயங்காலம் ரசம் சாதம், ஒரு கரண்டி. கீமோவுக்கு மறுநாள் அவள் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிட் வந்தது. சோதனைக் குழாயில் சொட்டு விட்டதும் நிறம் மாறியது. செம்பு. கொஞ்சநஞ்சமில்லை.

மங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பது என்று இறங்கினேன். பின்பக்கப் பெரிய கல்லைப் புரட்டியதும் அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். சுருட்டிய செப்புத் தகடு. மஞ்சள் நூலால் கட்டியிருந்தது. தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு.

முடிச்சை அவிழ்த்து ஓரத்தைப் பிரித்தேன். கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது, கட்டத்துக்குள் எழுத்து. கீழே ஆணியால் கீறின மாதிரி 'மங்கையர்க்கரசி, திருவாதிரை' என்று அவளுடைய பெயரும் நட்சத்திரமும்.

ஆடி அமாவாசைக்குக் கடலில் விடச் சொல்லி யாரோ மந்திரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதை ரயிலேறிக் கொண்டுவந்திருக்கிறார். கடலுக்குப் போகக் கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். அவளுக்கு என்ன, வீட்டிலேயே கடல் இருக்கிறது. ஒன்பது வருடமாக நான்தானே அதற்குக் கடல் என்று சொல்லிக் கொடுத்தேன்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"என்னங்க, கடல்ல கை விட்டுக்கிட்டா இருக்கீங்க?" விழித்துக்கொண்டுவிட்டாள். நான் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் கையில் இருப்பது தெரிந்திருக்காது.

"கல்லைச் சரி பண்றேன்."

"அந்தப் பெரிய கல்லை மட்டும் நகத்தாதீங்க."

"ஏன்?"

"அது அங்கயே இருக்கட்டும். செப்டம்பர்ல ஒரு மண்டலம் முடி..." நிறுத்திக்கொண்டாள். "அப்புறமா நகத்திக்கலாம்."

எடுத்து எறிந்துவிட்டு உண்மையைச் சொல்வதுதான் முறை. 'இது பிணி தீர்க்கிற தகடு இல்லை, விஷம். மீன் உனக்கு வந்ததை வாங்கிக்கொண்டு சாகவில்லை, நீ போட்டதைக் குடித்துச் சாகிறது.' பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரிகிற மாதிரி சொல்ல எனக்குத் தெரியும். சொன்னால் நாளைக்கு அவள் என்ன சாப்பிடுவாள்?

நூலை மறுபடியும் கட்டினேன். இருந்த இடத்திலேயே வைத்துக் கல்லை அதன் மேல் சாய்த்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நான் எதையும் நம்பிவிடவில்லை. நேற்று அவள் தோசை கேட்டாள், அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

தொட்டியில் எதையும் மாற்றவில்லை. கிட் என்ன காட்டியது என்று யேசுராஜ் போன் செய்தார். ஒன்றும் காட்டவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாற்றவில்லை. டீச்சர் தீனி எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டீச்சர் போய்விட்டாள். விடியும்போது மணலில் பக்கவாட்டில் கிடந்தாள். வாத்தியார் பக்கத்திலேயே நின்று, அவள் மேல் படிந்த மண்ணை வால் அடித்து விலக்கிக்கொண்டிருந்தது. வலையை விட்டபோது வலையைக் கொத்தியது. ஒன்பது வருடத்தில் அது என்னைக் கொத்தியதில்லை.

கோமாளி மீனில் பெண் செத்தால் கொஞ்ச நாளில் ஆணே பெண்ணாக மாறிவிடும். இயற்கை அதற்கு அப்படி ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. இதைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கையாகச் சொல்வேன். இன்று குழி தோண்டும்போது அது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் பால்கனியிலேயே நின்றுவிட்டு உள்ளே போனேன்.

மங்கை வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் மூலைக்கு மூலை போய்த் தேடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, தனியா ஆயிட்டார்."

"மீன்தானே மங்கை."

"இவரும் போயிட்டா இந்த வீட்ல அப்புறம் யாரு இருப்பா?"

"ஏன், நாம இருக்கோம்ல?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மீன் தொட்டி நோட்டில் எழுத வேண்டிய விஷயமாக இது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காலையில் அவள் எதுவும் சாப்பிடவில்லை, மதியமும் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெரிய கல் சரிந்து கிடந்தது. கையை விட்டுத் துழாவினேன். தகடு இல்லை.

மங்கை சோபாவில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை ஈரம். மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதற்குள் தகடு.

"எடுத்துட்டேங்க."

"எதை?"

"நடிக்காதீங்க, உங்களுக்கு நடிக்க வராது. அக்கா மூணு முடிச்சு போட்டுத்தான் குடுத்தா. இதுல ரெண்டுதான் இருக்கு."

நான் என்ன செய்ய? மூன்று போட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் கல்யாணத்தில்கூட நான் மாலை மாற்றி மோதிரம்தான் போட்டேன்.

"தெரிஞ்சும் திருப்பி வச்சீங்களா?" டம்ளரைச் சாய்த்துத் தகட்டைப் பார்த்தாள். "இந்தச் செம்புதான் அதுங்களைக் கொல்லுதாங்க?"

"யார் சொன்னா அப்படி? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய்யும் உங்களுக்கு வராது. கொல்லுதோ வாங்கிக்குதோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எப்படிப் பாத்தாலும் எனக்காகத்தானே போச்சுங்க எல்லாம். போதும். வாத்தியார் வேணாம். அவர் ஒருத்தராவது உங்களுக்குத் துணைக்கு இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு?" கத்திவிட்டேன். "இன்னும் மண்டலமே முடியல, அதுக்குள்ள எடுப்பாங்களா? குடு இங்க, திருப்பி வைக்கறேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மங்கை என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள், இருமல் வந்து அடங்கும்வரை சிரித்தாள்.

"இங்கர்சாமியாவே ஆயிட்டீங்க."

நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பாக இல்லை. அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடியில்லாத தலை குழந்தைத் தலை மாதிரி சூடாக இருந்தது.

தகட்டை என் கையில் கொடுத்தாள். "கடல்ல விட்டுடுங்க. நிஜக் கடல்ல."

ஆகஸ்ட் 21, வியாழன்

தண்ணீர் முக்கால்வாசி மாற்றம். கரி ஃபில்டர் போட்டேன். வாத்தியாரைத் தனியாகச் சின்னத் தொட்டிக்கு மாற்றினேன்.

மதியத்துக்கு மேல் காசிமேடு போனேன். பாறையில் இறங்கிக் கணுக்காலளவு தண்ணீரில் நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் யாருக்கோ திதி கொடுத்துக்கொண்டிருந்தது. அலை வந்து வந்து போனது. சட்டைப் பையில் கையை விடுவதும் எடுப்பதுமாக வெகுநேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"எந்தக் கடல்ல?"

"வங்காள விரிகுடா."

"நம்ம ஹால்ல இருக்கறது இல்லையே?" என்று கண்ணைச் சிமிட்டினாள். இல்லை என்றேன். சட்டையை அவள் துவைக்கப் போடுவதற்கு முன்னால் பையைக் காலி செய்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

வாத்தியார் தீனி எடுக்கவில்லை. செவுளுக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பெரிய தொட்டியில் மறுபடி சோதித்தேன். தகட்டை எடுத்தாலும் கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகின்றன. சின்னத் தொட்டியில் செம்பே இல்லை. ஆனால் உள்ளே போனது போனதுதான், காலம் கடந்துவிட்டது.

மங்கை ஸ்டூலைச் சின்னத் தொட்டியிடம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சாப்பிடுங்க வாத்தியாரே" என்று அதனிடம் கெஞ்சுகிறாள். அவள் தட்டு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை பத்து மணி வாக்கில் வாத்தியார் போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது.

சமையலறையில் இருந்த எனக்கு ஸ்டூல் விழும் சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீனைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து நான் கண்டதில்லை. நான் அவளைக் கைவிட்டவன் மாதிரி இல்லை, அவள் என்னைக் கைவிட்டுவிட்ட மாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையேங்க நான்" என்றாள்.

அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.

"உனக்கு வர வேண்டியது அதுக்குப் போச்சு, மங்கை."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமா சொல்றீங்களா?"

"நிஜமா."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். எல்லாம் போயிடுச்சு. இனிமே உனக்கு ஒண்ணும் இல்ல."

பொய் வராது என்றவள் இதை மட்டும் நம்பினாள், அல்லது நம்பினதாகத் தலையாட்டினாள். மல்லிகைத் தொட்டியில் இடமில்லை, பக்கத்துச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன். மதியம் மூன்று இட்லி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 27, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. பிள்ளையார் சதுர்த்தி என்று திலகவதி அக்கா வந்திருக்கிறார். மங்கை கொழுக்கட்டைக்குப் பூரணம் இனிப்பு போதவில்லை என்று அக்காவைக் கடிந்துகொண்டாள். நானும் ஒன்று தின்றேன்.

தொட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தவில்லை, சத்தம் இல்லாவிட்டால் மங்கைக்குத் தூக்கம் வராது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டாக்டர் ரெஹானா ரிப்போர்ட்டைப் பிரித்தார். மங்கையை நர்ஸோடு எடை பார்க்க அனுப்பிவிட்டு, என்னை உட்காருங்கள் என்றார். அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை. இது மீன் தொட்டி நோட்டு.

மங்கை எடை பார்த்துவிட்டு ஒரு கிலோ கூடியிருக்கிறது என்று சந்தோஷமாக வந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"பரவாயில்லையாம். மருந்து மாத்திப் பாக்கலாம்னு சொல்றாங்க."

வழியெல்லாம் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தாள். வெறும் தொட்டியைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு கிலோ என்று இரண்டு தடவை சொன்னாள். வீட்டில் அக்காவிடம் விட்டுவிட்டு, அலமாரியில் துண்டுக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இதோ வருகிறேன் என்று கிளம்பினேன். அதே ஆட்டோ தெருமுனையில் நின்றிருந்தது. கொளத்தூர் போகச் சொன்னேன். போகும் வழியில் தகட்டை எடுத்து, மஞ்சள் நூலில் மூன்றாவது முடிச்சையும் போட்டேன். ஆட்டோ குலுக்கலில் இரண்டு தடவை நழுவியது.

யேசுராஜ் கடையில் புதிதாகக் கோமாளி மீன்கள் வந்திருந்தன. குஞ்சுகள், கட்டைவிரல் அளவுகூட இல்லை. நாலு வேண்டும் என்றேன். நல்ல துடியான மீனாகப் பார்த்து வலைபோட்டுப் பிடித்து, பையில் காற்றடித்து, ரப்பர் பேண்ட் போட்டார். கொடுக்கும்போது தயங்கினார்.

"எல்லாம் போயிடுச்சுன்னு போன்ல சொன்னீங்க. இவ்ளோ சீக்கிரம் புதுசு விடறீங்களே. தண்ணி இப்ப நல்லாயிருக்கா சார்?"

"நல்லா இருக்கு" என்றேன்.